மழைத்தொட்டி மக்கர் செய்தால்: குறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்க

2022 ஏப்ரல் வெள்ளத்தில், தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் ஊரின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்தது. அந்த ஊர்க்காரர்கள் பல மாதம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றார்கள். அங்கு மட்டுமல்ல, வெருலம், ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் என்று டர்பனைச் சுற்றி நம்மவர் குடியிருக்கும் இடங்களில் எல்லாம் வீட்டுச் சுவரோரம் மழைநீர் பிடிக்கும் ஒரு பச்சை ஜோஜோ பிளாஸ்டிக் டேங்க் நிற்பதை இன்று பார்க்கலாம். வாங்கி வைத்ததோடு விட்டுவிட்டால் அந்தத் தொட்டி நாறும், கறுக்கும், புழு பிடிக்கும், பம்ப் ராத்திரி முழுக்க உறுமும். அப்போது பலரும் முதலில் ஓடுவது ஃபில்டர் கடைக்கு. அந்தப் பணத்தைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள். கோளாறு தொட்டியில் தெரிந்தாலும் அது பிறந்த இடம் பெரும்பாலும் அதற்கு மேலே, கூரையிலும் அதன் விளிம்பில் நீரைப் பிடிக்கும் கட்டரிலும் இருக்கிறது.

அதனால் எந்தக் குறி தெரிந்தாலும் தண்ணீர் வரும் வழியிலேயே தேடுங்கள்: கூரை, கட்டர், இலைச் சல்லடை, முதல் மழையைக் கழிக்கும் குழாய், தொட்டி, பம்ப், வீட்டுக் குழாய். கீழிருந்து மேலே போனால் ஒரே கோளாறை மூன்று தடவை சரிசெய்ய வேண்டியிருக்கும். கையில் ஒரு டார்ச், நூல்கயிறு, அளவு நாடா, ஒரு நீண்ட துடைப்பக் கம்பு, ஒரு வாளி இருந்தால் கீழே சொல்லும் சோதனைகளில் முக்கால்வாசியைச் செய்துவிடலாம்.

மழை கொட்டியும் தொட்டி நிரம்பவில்லை

முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். அதில் தெறித்தும் ஆவியாகியும் போவது போகத் தகரக் கூரையில் 85 முதல் 90 விழுக்காடு வந்து சேரும். ஓட்டுக் கூரையில் 80 என்று வைத்துக்கொள்ளலாம். சாட்ஸ்வொர்த்தில் இரட்டை வீட்டின் ஒரு பாதி, அதுவும் கூரையின் ஒரு பக்கம் மட்டும் தொட்டிக்கு இறங்குகிறது என்றால் பரப்பு 40 சதுர மீட்டர்தான் இருக்கும். 20 மி.மீ. மழைக்கு 680 லிட்டர். 2,500 லிட்டர் தொட்டி நிரம்ப 73 மி.மீ. மழை வேண்டும். உங்கள் எதிர்பார்ப்பே கூடுதலா என்று இதில் தெரிந்துவிடும். கூரையின் சரிந்த நீளத்தை அளக்க வேண்டாம். மேலிருந்து பார்த்தால் வீடு அடைக்கும் தரைப்பரப்பே கணக்கு.

கணக்குப்படி வரவேண்டியதில் பாதிகூட வரவில்லை என்றால், மழை நேரத்தில் குடையோடு வெளியே போய்க் கட்டரைப் பாருங்கள். கண்ணால் பார்ப்பதற்கு ஈடான சோதனை வேறு இல்லை.

கட்டரின் நடுவில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி விழுந்தால் அங்கே தொய்வு. காய்ந்த நாளில் கட்டரின் இரு முனைக்கும் நூல் கட்டிச் சரிவை அளந்து பாருங்கள். மீட்டருக்கு 5 மி.மீ. சரிவு நல்லது; 8 மீட்டர் நீளத்துக்கு இறங்கு குழாய்ப் பக்கம் 40 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். தாங்கிகள் 60 முதல் 90 செ.மீ.க்கு ஒன்று இல்லாவிட்டால் ஈர இலையின் கனத்துக்கே பிளாஸ்டிக் கட்டர் தொய்ந்துவிடும். மைனா கூடு வைக்கும் இடமும் அந்தத் தொய்வுதான்.

இறங்கு குழாய்க்கு அருகில் வழிந்தால் குழாய் சிறுத்துவிட்டது, அல்லது அடைத்திருக்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரைக்குக் குழாய் வாயில் ஒரு சதுர சென்டிமீட்டர் என்று போட்டால் தப்பாது. 75 மி.மீ. குழாய் சுமார் 40 சதுர மீட்டருக்கும், 110 மி.மீ. குழாய் 85 சதுர மீட்டருக்கும் போதும். டர்பனில் கோடை இடிமழை அரை மணியில் கொட்டித் தீர்ப்பது. ஆண்டு மொத்த மழைக்காக மட்டும் கணக்குப் போட்டுச் சின்னக் குழாய் வைத்தால் நல்ல மழை எல்லாம் வாசலில் போய்விடும்.

கட்டர் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் இலைச் சல்லடையில் தேடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் மாமரம் பூத்து உதிரும்போது அந்தப் பூ நுண்ணிய வலையில் மாவு அப்பியதுபோல ஒட்டிக்கொள்ளும். மேலே விழும் தண்ணீர் துள்ளி வெளியே போகும். இறங்கு குழாய் வாயில் 4 முதல் 6 மி.மீ. கண் உள்ள பருக்கன் வலையைச் சரிவாக வையுங்கள். நுண்வலை தொட்டி வாயில் இருந்தால் போதும்.

தண்ணீர் கறுப்பாக வருகிறது

டோங்காட், வெருலம், ஸ்டாங்கர் பக்கம் இருப்பவர்கள் இதை அதிகம் கேட்பார்கள். காரணம் கரும்புத் தோட்டம். ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை அறுவடைப் பருவம். வெட்டுவதற்கு முன் சருகை எரிக்கும்போது கரித்துகள் காற்றில் எழும்பிக் கிலோமீட்டர் கணக்கில் வந்து விழும். விரல் நீளத்தில் சுருண்ட கறுப்பு நாடா போல இருக்கும். தொட்டால் நொறுங்கிக் கண்மை மாதிரி விரலில் அப்பிக்கொள்ளும். குளிர்கால மாதங்களில் மழை குறைவு என்பதால் அது அத்தனையும் கூரையில் தங்கி, செப்டம்பர், அக்டோபரில் வரும் முதல் நல்ல மழையில் மொத்தமாக இறங்குகிறது. கூடவே ஹடிடா பறவை எச்சம், குரங்குகள் போட்டுவிட்டுப் போன பழத்தோல், பல்லிப் புழுக்கை.

இதைத் தடுக்கத்தான் முதல் மழையைக் கழிக்கும் குழாய். இறங்கு குழாயிலிருந்து ஒரு 'டீ' (T வடிவ இணைப்பு) பிரித்து, அடியில் மூடி போட்ட நிற்கும் குழாயாக விடுவார்கள். அழுக்குத் தண்ணீர் முதலில் அதில் நிரம்பும். நிரம்பியதும் உள்ளே மிதக்கும் பந்து வாயை அடைக்க, பின்னால் வரும் தெளிந்த நீர் தொட்டிக்குத் திரும்பும். அடிமூடியில் இருக்கும் சிறு துளை வழியே அந்த அழுக்குநீர் சொட்டிச் சொட்டி ஒரு நாளில் வடிந்து, அடுத்த மழைக்குக் குழாய் காலியாகும்.

தொட்டி கறுத்தால் இந்தத் துளையைத்தான் முதலில் பாருங்கள். மிகச் சிறிய துளை, கரிச்சேறு ஒரு மழைக்கே அடைத்துவிடும். அடைத்துக்கொண்டால் குழாய் எப்போதும் நிறைந்தே நிற்கும். அடுத்த மழையின் அழுக்கு நேராகத் தொட்டிக்குள் போகும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகப் பொருத்தியது போலவே இருக்கும். அதனால்தான் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். மழை நின்று ஒரு நாள் கழித்துக் குழாயை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். காலியானால் வெற்றுச் சத்தம் கேட்கும். மந்தமாக ஒலித்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது. அடியில் வாளியை வைத்து மூடியை மெல்லக் கழற்றுங்கள். முதலில் தண்ணீர் பீய்ச்சும், பிறகு விளக்குக் கரியைக் குழைத்தது போன்ற ஒரு கூழ் 'தொப்' என்று விழும். துளையைக் கம்பியால் குத்திவிட்டு, மூடியைக் கழுவிப் பூட்டுங்கள். குழாய் நிறைந்திருக்கும்போது துளையிலிருந்து ஒரு தம்ளர் நிறையப் பத்து நிமிடம் ஆனால் அளவு சரி. இரண்டு நிமிடத்தில் நிறைந்தால் துளை பெரிது. மழை நடக்கும்போதே வீணாக ஓடிக்கொண்டிருக்கும்.

துளை சரியாக இருந்தும் கறுக்கிறது என்றால் குழாயின் கொள்ளளவு போதவில்லை. ஒரு சதுர மீட்டர் கூரைக்கு அரை லிட்டர் கழிப்பது குறைந்த அளவு. 110 மி.மீ. குழாய் மீட்டருக்குச் சுமார் 8.5 லிட்டர்தான் பிடிக்கும். 60 சதுர மீட்டர் கூரைக்கு 30 லிட்டர் என்றால் மூன்றரை மீட்டர் குழாய். ஒற்றைத் தளவீட்டில் அந்த உயரம் கிடைக்காது, இரண்டாகப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டும். கரும்புக் கரி விழும் ஊரில் இதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு கழித்தாலும் தகும். அதற்குக் குழாயை நீட்டிக்கொண்டே போவதைவிட எளிய வழி ஒன்று உண்டு. தொட்டிக்குள் போகும் எல்போவை (வளைந்த குழாய் இணைப்பு) ஒட்டாமல் செருகி மட்டும் வையுங்கள். குளிர்காலம் முடிந்து வரும் முதல் மழையில் அதைக் கழற்றித் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிடுங்கள். கூரை கழுவித் தண்ணீர் தெளிந்து வந்தபின் திரும்பச் செருகுங்கள். காசு செலவில்லாத இந்த வழியைவிடச் சிறந்த கருவியை நாங்கள் கண்டதில்லை.

கறுப்பில்லாமல் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தால் அது இலை ஊறிய சாயம். கட்டரை வாரிச் சுத்தம் செய்யுங்கள், கூரைமேல் கவிந்த கிளையை வெட்டுங்கள். சிவப்புப் பொடியாக அடியில் தங்கினால் தகரத் துரு, அல்லது மழையில் தெறிக்கும் செம்மண்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய வீடுகள் பலவற்றில் இன்னும் அஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் கூரை இருக்கிறது. தென்னாப்பிரிக்கா 2008இல் அஸ்பெஸ்டாஸைத் தடைசெய்தது. முன்பு போட்ட கூரைகள் அப்படியே நிற்கின்றன. பாசி பிடித்திருக்கிறது என்று பிரஷர் வாஷர் வைத்துப் பீய்ச்சவோ, கம்பித் தூரிகையால் தேய்க்கவோ, கட்டர் மாட்ட ஓட்டை போடவோ கூடாது. அதில் கிளம்பும் நார் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. மேற்பரப்பு அரித்து நார் தெரியும் கூரையின் தண்ணீரைக் கழிவறைக்கும் செடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கூரையை எடுப்பது அதற்கென்று பதிவுபெற்றவர் வேலை.

அழுகிய முட்டை நாற்றம்

நாற்றம் எங்கே என்று முதலில் பிரிக்க வேண்டும். குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிட்டு முகருங்கள். முதலில் நாறிப் பிறகு போய்விட்டால் தொட்டியில் குற்றமில்லை. நீண்ட நாள் பயன்படுத்தாத குழாயில் தேங்கிய நீர். ஓடவிட்டும் நாற்றம் நிற்கவில்லை என்றால் தொட்டியின் அடி.

தொட்டி அடியில் இலையும் சேறும் படிந்து, அந்தச் சேற்றுக்குள் காற்றுப் புகாதபோது காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி அந்த வாயுவை விடுகின்றன. துடைப்பக் கம்பின் நுனியில் வெள்ளைத் துணி சுற்றி மேல்வாய் வழியே அடிவரை மெல்ல இறக்கி எடுங்கள். துணியில் கறுத்திருக்கும் உயரம்தான் சேற்றின் கனம். 5 செ.மீ.க்கு மேல் இருந்தால் எடுக்க வேண்டிய நேரம். தொட்டியின் வெளிக்குழாய் அடியிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இருப்பது இதற்காகத்தான். சேறு அதை நெருங்க விடக்கூடாது.

தொட்டியில் தண்ணீர் குறைந்த ஜூலை மாதம் இந்த வேலைக்கு ஏற்றது. 40 மி.மீ. ஹோஸ் ஒன்றின் ஒரு முனையைக் கம்பில் கட்டி அடியில் நிறுத்துங்கள். மறுமுனையைத் தொட்டி அடியைவிடத் தாழ்ந்த இடத்துக்கு இழுங்கள். ஹோஸை முன்பே தண்ணீர் நிரப்பிக் கையால் அடைத்துக்கொண்டு விட்டால் தானே உறிஞ்சத் தொடங்கும். கம்பை வட்டமாக நகர்த்தி அடியைத் தடவுங்கள், கலக்காதீர்கள். வரும் கறுப்பு நீர் வாழைக்குப் போகட்டும்.

தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. மெலிந்த பையன் ஒருவனை உள்ளே விட்டுத் தேய்க்கச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. அழுகல் வாயு நிறைந்த இடத்தில் மூச்சு முட்டி மயங்கினால் அந்த வாய் வழியே வெளியே இழுக்க முடியாது. நாற்றத்துக்குப் பிளீச் ஊற்றுவதும் பயனில்லை. சேறே குளோரினைத் தின்றுவிடும். இரண்டு நாளில் நாற்றம் திரும்பும்.

சுத்தம் செய்தும் ஆறு மாதத்தில் மறுபடி நாறினால் இரண்டு இடம் பாக்கி. ஒன்று, கூரையிலிருந்து தரைக்கடியில் இறங்கி மறுபடி ஏறித் தொட்டிக்குப் போகும் குழாய். மழை நின்றபின் அதன் வளைவில் இலைத் தண்ணீர் தேங்கி அழுகும். மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் மூடி வைத்து, மழைக்குப் பின் திறந்துவிட வேண்டும். மற்றொன்று, உள்ளே வரும் நீர் மேலிருந்து விழுந்து சேற்றைக் கிளப்புவது. வரும் குழாயைத் தொட்டி அடிவரை இறக்கி, நுனியில் இரண்டு எல்போ போட்டு வாயை மேல்நோக்கித் திருப்பிவிட்டால் சேறு கலங்காது.

மண்வாசனை மட்டும் என்றால் கூரைப் பாசியும் தொட்டிக்குள் வெளிச்சமும் காரணம். புதுத் தொட்டியில் பிளாஸ்டிக் சுவை இருந்தால் முதல் தடவை நிரம்பியதைத் தோட்டத்துக்கு விடுங்கள். கூரைக்குப் புதிதாக வண்ணம் அடித்திருந்தாலும் முதல் சில மழையைச் சேர்க்காதீர்கள்.

தண்ணீர் பச்சை

வெளிச்சம். வேறொன்றுமில்லை. மூடி சரியாக உட்காராததும், வெயில் ஊடுருவும் வெள்ளை பிளாஸ்டிக் குழாயும், கண்ணாடி போன்ற ஃபில்டர் கிண்ணமும் வெளிச்சம் புகும் வழிகள். குழாய்க்கு அடர்ந்த வண்ணம் அடியுங்கள். கிண்ணத்துக்குக் கறுப்புத் துணி உறை போடுங்கள்.

கொசுப்புழு நெளிகிறது

மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் மேலே தொங்கிக்கொண்டிருக்கும் புழுக்கள் ஒளி பட்டதும் துள்ளி அடிக்குப் போகும். அப்படிப் போனால் தூசி இல்லை, புழுதான். கோடையில் முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள். அதனால் வாரம் ஒரு தடவை பார்த்தால் சங்கிலி அறும்.

உள்ளே வரும் வாய், வழிந்தோடும் குழாயின் முனை, காற்றுத் துளை என்று மூன்றுக்கும் 1 மி.மீ.க்கு மிகாத கண் உள்ள வலை வேண்டும். துருப்பிடிக்காத எஃகு வலை நல்லது. நைலான் வெயிலில் பொடிந்துவிடும். வலையெல்லாம் சரி, ஆனாலும் புழு இருக்கிறதா? மூடியைப் பாருங்கள். டர்பன் குரங்குகள் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்க்கக் கற்றவை. நான்கு பக்கமும் திருகாணி போட்டுப் பூட்டுங்கள். அது குழந்தைகளுக்கும் காப்பு. பராஃபின் எண்ணெய் ஊற்றும் பழைய வழக்கம் வேண்டாம். தண்ணீரும் கெடும், பிளாஸ்டிக்கும் கெடும்.

தொய்ந்த கட்டரில் நிற்கும் ஒரு விரல்கடைத் தண்ணீரும் போதும், தொட்டியைக் குற்றம் சொல்லிவிட்டுப் பூந்தொட்டித் தட்டை மறந்துவிடாதீர்கள்.

தொட்டி சாய்கிறது, நசுங்குகிறது, மூடி வழியே வழிகிறது

2,500 லிட்டர் நிரம்பினால் இரண்டரை டன். அடியில் 10 செ.மீ. கனத்தில், தொட்டியைவிடச் சுற்றிலும் 10 செ.மீ. அகலமாக, மட்டமான கான்கிரீட் மேடை வேண்டும். கல் அடுக்கி அதன்மேல் வைத்தால் அடித்தட்டு கல்லுக்குக் கல் தொங்கி ஒரு நாள் கிழியும். மேடை நன்றாக இருந்தும் சாய்ந்தால் வழிந்தோடும் நீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். சாட்ஸ்வொர்த் போன்ற மேட்டு நிலத்தில் சரிவில் வெட்டிய மனைகள் அதிகம். வழிநீர் மேடையின் காலடியிலேயே விழுந்தால் மண் அரித்துக்கொண்டு போகும். அதைக் குழாய் போட்டுக் குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி, பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போகாமல் விடுங்கள். சாய்ந்த தொட்டியைக் கயிறு கட்டி நிமிர்த்தக் கூடாது. முதலில் காலி செய்யுங்கள்.

மூடி வழியே வழிவதற்குக் காரணம், உள்ளே வரும் குழாய் 110, வெளியே போகும் குழாய் 50. வழிகுழாயும் வருகுழாயும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

பம்ப் ஓடும்போது பக்கச்சுவர் உள்ளே குழிந்தால் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. வலையில் குளவிக்கூடு இருக்கும்.

பம்ப் தானாகவே ஓடி ஓடி நிற்கிறது

எந்தக் குழாயும் திறக்காமல் ராத்திரியில் பம்ப் சில நிமிடத்துக்கு ஒரு தடவை உறுமினால் எங்கோ அழுத்தம் கசிகிறது. பம்புக்கு அடுத்துள்ள வால்வை மூடிவிட்டுக் கால் மணி காத்திருங்கள். நின்றுவிட்டால் கசிவு வீட்டுக்குள். கழிவறைத் தொட்டியை முதலில் சந்தேகப்படுங்கள். வால்வை மூடிய பிறகும் ஓடினால், நீர் பின்னால் திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில் மணல் துகள் சிக்கித் தண்ணீர் தொட்டிக்கே திரும்புகிறது. கழற்றிக் கழுவினாலே பெரும்பாலும் சரியாகும்.

குழாயைத் திறந்திருக்கும்போது பம்ப் விட்டு விட்டுத் துடித்தால் அது வேறு நோய். பம்பின் பக்கத்தில் உள்ள அழுத்தக் குடுவையில் காற்றுப் போய்விட்டது. மின்சாரத்தை நிறுத்தி, குழாயைத் திறந்து அழுத்தத்தைப் பூஜ்யமாக்குங்கள். குடுவையின் பின்னால் சைக்கிள் வால்வு போல ஒன்று இருக்கும். அதன் ஊசியை அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர்ப் பை கிழிந்தது. பையை மாற்ற வேண்டும். காற்று வந்தால் டயர் அளவியால் அளந்து, பம்ப் தொடங்கும் அழுத்தத்தைவிட 0.2 பார் (அழுத்த அலகு) குறைவாக நிரப்புங்கள். 1.5 பாரில் தொடங்கும் பம்புக்கு 1.3 பார். கார் டயருக்குக் காற்றடிக்கும் கருவியே போதும். இதைச் செய்யாமல் விட்டால் நிமிடத்துக்குப் பல தடவை தொடங்கி நின்று மோட்டார் கருகும்.

பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் உறிஞ்சு பக்கத்தில் காற்றுப் புகுகிறது. அந்தப் பக்கத்து இணைப்புகளில் ஒவ்வொன்றாகச் சோப்பு நுரை தடவுங்கள். பம்ப் ஓடும்போது நுரை உள்ளே இழுபடும் இடமே ஓட்டை. டெஃப்லான் டேப்பைப் புதிதாகச் சுற்றி இறுக்குங்கள்.

மின்வெட்டில் பம்ப் ஓடாது. ஒரு மீட்டர் நீர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான். தொட்டியின் ஈர்ப்பில் ஷவர் வராது. தொட்டி அடியில் வாளி வைக்கும் உயரத்தில் ஒரு சாதாரணக் குழாய் கட்டாயம் வையுங்கள். மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்து போகும் நாளில் அந்தக் குழாய்தான் கைகொடுக்கும்.

பேசினில் நீலப்பச்சைக் கறை

மழைநீர் இயல்பாகவே சற்றுப் புளிப்புத் தன்மை கொண்டது. செம்புக் குழாயை மெல்ல அரிக்கும். சுண்ணாம்புக்கல் சில்லுகளையோ கழுவிய சிப்பி ஓடுகளையோ வலைப்பையில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டால் புளிப்பு அடங்கும். காலையில் குழாயில் முதலில் வரும் அரை நிமிட நீரைச் சமையலுக்குப் பிடிக்காதீர்கள்.

குடித்து வயிறு கெட்டது

தெளிந்த நீர் சுத்தமான நீர் என்று பொருளில்லை. பறவை எச்சத்திலும் பல்லிப் புழுக்கையிலும் வரும் கிருமி கண்ணுக்குத் தெரியாது. குடிக்க வேண்டிய நிலை வந்தால் கொதிக்க வைப்பதே உறுதியான வழி. நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். எரிவாயு இல்லாத நேரத்தில், வாசனை சேர்க்காத 3.5 விழுக்காட்டு பிளீச்சை 25 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, 5 மி.லி., கலந்து மூடி, இரண்டு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். கலங்கிய நீரானால் முதலில் வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள்.

தொட்டி முழுவதற்கும் போட வேண்டுமானால் 1,000 லிட்டருக்கு 150 மி.லி., ஒரு நாள் விட்டுவையுங்கள். உள்ளே இருக்கும் நீருக்குத்தான் கணக்கு, தொட்டியின் கொள்ளளவுக்கு அல்ல. விட்டம் 1.4 மீட்டர், நீர் உயரம் 1 மீட்டர் என்றால் 1.4 × 1.4 × 0.785 = 1.54 கனமீட்டர், அதாவது 1,540 லிட்டர், 230 மி.லி. பிளீச் போதும். பழைய பாட்டில் வீரியம் இழந்திருக்கும், புதிது வாங்குங்கள். கழிவறை அமிலத்தோடு பிளீச் சேரவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் மழைத்தொட்டி நீரைக் கொதிக்காமல் கொடுக்க வேண்டாம்.

தொட்டி வைத்த பிறகு தண்ணீர் பில் ஏறுகிறது

கேட்கவே பொறுக்காது, ஆனால் நடக்கிறது. மழை இல்லாத நாளில் தொட்டியை மாநகராட்சி நீரால் நிரப்ப மிதவை வால்வு வைத்திருப்பீர்கள். அது சரியாக மூடாவிட்டால் காசு கொடுத்து வாங்கும் நீர் இரவெல்லாம் வழிகுழாயில் போகும். காய்ந்த நாளில் வழிகுழாயின் வாய் ஈரமாக இருந்தால் இதுதான். மிதவை வாஷரை மாற்றுங்கள். தொட்டியின் கால்பங்கு உயரத்துக்கு மிதவையை இறக்கி வைத்தால் மழைக்கும் இடம் இருக்கும்.

அப்படி நிரப்பும் குழாயின் வாய் தொட்டியின் வழிமட்டத்துக்கு மேலே, குழாய் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இடைவெளி விட்டு நிற்க வேண்டும். மழைநீர்க் குழாயை மாநகராட்சிக் குழாயோடு ஒரு வால்வு மட்டும் வைத்து நேரடியாகச் சேர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தெருவில் அழுத்தம் விழும் நாளில் உங்கள் தொட்டி நீர் தெருக்குழாய்க்குள் போய் அண்டை வீட்டுக் குழந்தை குடிக்கும். இதில் சமாதானமே கிடையாது.

தொட்டி சரி என்றால் வீட்டுக்குள் பாருங்கள். கழிவறைத் தொட்டியில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை ஊற்றிவிட்டு இருபது நிமிடம் யாரும் இழுக்காதீர்கள். கீழே கோப்பையில் சிவப்பு தெரிந்தால் அடி ரப்பர் கசிகிறது. 2018 பிப்ரவரியில் கேப் டவுன் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்தியபோது, 9 லிட்டர் தொட்டியை ஐந்து தடவை இழுத்தாலே 45 லிட்டர் போய்விடும் கணக்கு. மழைநீரை முதலில் இணைக்க வேண்டிய இடம் கழிவறைதான் என்று நாங்கள் சொல்வது இதனால். அங்கே கொதிக்க வைக்கவும் வேண்டாம், பிளீச்சும் வேண்டாம்.

சொட்டும் குழாயை ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். அடியில் பத்து நிமிடம் தம்ளர் வைத்துச் சேர்ந்ததை 144ஆல் பெருக்கினால் ஒரு நாளின் இழப்பு. 100 மி.லி. சேர்ந்தால் நாளைக்கு 14 லிட்டருக்கு மேல்.

இவை எதிலும் அகப்படாவிட்டால் இரவு படுக்கும்முன் எல்லாக் குழாயையும் மூடி, மிதவை வால்வுக்குப் போகும் குழாயையும் அடைத்து, மீட்டரின் சிவப்பு எண்களைக் குறித்துவையுங்கள். விடியற்காலையில் யாரும் முகம் கழுவும்முன் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால், வீட்டுக்குள் போகும் முதன்மை வால்வை மூடி இன்னொரு மணி நேரம் பாருங்கள். நகர்வது நின்றால் கசிவு வீட்டுக்குள். நிற்கவில்லை என்றால் மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவே, மண்ணுக்கடியில். வறண்ட ஜூலையிலும் புல் பசேலென்று நிற்கும் இடத்தில் தோண்டத் தொடங்குங்கள்.